காலண்டர்க் கடவுளரைத் தீட்டிய கொண்டையராஜு

தமிழ் மக்களுள் மிகப் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஓவியக் கண்காட்சி ஒன்றினுள் காலடி வைத்தவர்கள் அல்லர். வைக்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு நேர்ந்ததில்லை. ஆயினும் ஓவியம் இல்லாத வீட்டில் அவர்கள் பிறந்ததுமில்லை, வளர்ந்ததுமில்லை. பூஜை மாடத்தில் மஞ்சளும் குங்குமமும் ஏறிய கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும், மளிகைக் கடையின் கல்லாவுக்கு மேலும், தையற்காரரின் சுவரிலும், பேருந்து ஓட்டுநரின் தலைக்கு நேரேயும் லக்ஷ்மியும் சரஸ்வதியும் முருகனும் மீனாட்சியும் வீற்றிருந்து, காலையில் கண் விழித்த மாத்திரத்தில் நம் பார்வையை ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தத் திருமுகங்களை நாம் நன்கு அறிவோம். அவற்றைத் தீட்டிய மனிதரின் முகத்தை அறியோம். அப்படி அறியப்படாமல் போனவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், கோவில்பட்டியில் வாழ்ந்து மறைந்த சி. கொண்டையராஜு (1898–1976). விளம்பரத்திற்காக வியாபாரிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கும் காகிதத்தில் தம் கலையை ஒப்புவித்த அவருடைய வாழ்க்கை, கலைக்கும் வியாபாரத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி நாம் வழக்கமாகக் கொண்டிருக்கும் அபிப்பிராயங்களைச் சற்று நிறுத்திப் பரிசீலிக்கச் செய்வதாகும்.

இதனை எழுதும் இடமாகிய சிப்பிகாட், அந்தமானின் தென் தீவில், இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றுள்ள போர்ட் பிளேர் நகரிலிருந்து சிறிது தொலைவில் உள்ள ஒரு சிற்றூர். தென்னையும் பாக்கும் கிராம்பும் ஜாதிக்காயும் பயிர் செய்து காட்டும் அரசாங்க வேளாண் பண்ணையால் ஒரு காலத்தில் அறியப்பட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நேர்ந்த பூகம்பத்தில் நிலமே தாழ்ந்து போனதால், வயல்களாயிருந்த பள்ளங்களில் கடல் நீர் ஏறி இறங்கும் ஊர் என்று பின்னர் அறியப்பட்டது. இத்தீவுகளில் ஆயிரம் ஆண்டுக் கோபுரங்கள் இல்லை, கற்றளிகள் இல்லை, தேரோடும் வீதிகள் இல்லை. பெருநிலத்திலிருந்து கப்பலேறி வந்து காடு திருத்திக் குடிசை போட்டவர்களுக்கு, கல்லில் ஒரு கோவில் எழும்புவதற்கு நெடுங்காலம் முன்பாகவே சுவரில் ஆணியடித்து மாட்டிய படம்தான் சந்நிதியாக அமைந்தது. வங்காளத்திலிருந்து வந்தவர் வீட்டில் காளியும், தமிழர் வீட்டில் முருகனும், தெலுங்கர் வீட்டில் வேங்கடாசலபதியும் காகித வடிவில்தான் முதலில் குடியேறினார்கள். மூட்டை முடிச்சுகளோடு சுருட்டி எடுத்து வரத்தக்க தெய்வத்தை ஜனங்களுக்குத் தந்தது எது என்ற கேள்விக்கு விடை தேடினால், அது நம்மைச் சிவகாசிக்கும் அங்கிருந்து கோவில்பட்டிக்கும் கொண்டு சேர்க்கிறது.

மயிலாப்பூரிலிருந்து நாடக மேடைக்கு

கொண்டையராஜு பிறந்தது சென்னை மயிலாப்பூரில். சித்திரம் வரைவதில் இளமையிலேயே தோன்றிய நாட்டம், அவரைச் சென்னைக் கலைப்பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்பள்ளி 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியரால் தொடங்கப்பெற்றுப் பின்னர் அரசாங்கத்தின் பராமரிப்பில் வந்தது. இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்ற பெயரோடு எழும்பூரில் விளங்குவது அதுவே. மனித உடலின் அளவுகள், ஒளியும் நிழலும் விழும் முறை, அருகிலுள்ளது பெரிதாகவும் தூரத்திலுள்ளது சிறிதாகவும் தோன்றும் கணக்கு ஆகியவற்றை மேனாட்டு முறைப்படி அங்கே கற்பித்தார்கள். படித்து வெளிவரும் மாணவனுக்கு எதிரே இருந்த வழிகளோ மிகச் சிலவே: சித்திர வாத்தியார் வேலை, அரசாங்க இலாகாக்களில் வரைபடம் எழுதும் வேலை, அல்லது செல்வர்களின் முகம் பார்த்து உருவப்படம் எழுதிக் கொடுக்கும் வேலை. சித்திரம் எழுதி அதைச் சுவரில் மாட்டி, விலை கொடுத்து வாங்குவோர் வருவார்கள் என்று காத்திருக்கும் கலைஞனுக்கு அக்காலத்துச் சென்னையில் இடமிருக்கவில்லை.

கொண்டையராஜுவின் மனம் இவ்வழிகளுள் எதிலும் நிலைகொள்ளவில்லை. ஆன்மிகத்தில் ஈடுபாடு மிகுந்து, திருவண்ணாமலைக்குச் சென்று ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கியிருந்தார். துறவில் நாட்டம் கொண்ட அந்த மனம் பின்னாளிலும் மாறவில்லை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சொத்துச் சேர்ப்பதில் கவனம் செலுத்தவுமில்லை. ஆயினும் தூரிகையை அவர் துறக்கவில்லை. மலையடிவாரத்தின் மௌனத்திலிருந்து அவர் அடுத்தாற்போல் சென்று சேர்ந்த இடம் விசித்திரமானது: ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் பாட்டும் வசனமும் முழங்கிக்கொண்டிருந்த நாடகக் கம்பெனி.

அக்காலத்துத் தமிழ் நாடகக் கம்பெனியின் இயல்பை அறிந்தாலன்றி அவருடைய பிற்காலச் சித்திரங்களின் இரகசியம் விளங்காது. பார்சி நாடகக் குழுவினர் பம்பாயிலிருந்து கொண்டு வந்த பாணியைப் பின்பற்றி, தமிழ் மேடையிலும் திரைச்சீலைகள் வந்துவிட்டிருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமான பின்பும் அவர் வழியில் தோன்றிய பாய்ஸ் கம்பெனிகள், புராண நாடகங்களை நடத்திக்கொண்டு தமிழ்நாடெங்கும் சுற்றிவந்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் அரண்மனை சீன், தர்பார் சீன், தெரு சீன், காடு சீன், நந்தவன சீன், கைலாச சீன் என்று வகை வகையான படுதாக்கள் தேவைப்பட்டன. பெரிய துணியை விரித்துப் பசையும் சுண்ணமும் பூசி இறுக்கி, பொடி வர்ணங்களைப் பசையில் குழைத்து, மனிதனைக் காட்டிலும் உயரமான தூண்களையும் விதானங்களையும் எழுதி, கழியில் சுருட்டிக் கயிற்றால் ஏற்றவும் இறக்கவும் தக்கவாறு அமைத்துத் தருவது சீன் எழுதுகிறவரின் தொழில். மேடைக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்த மிராசுதாரருக்கும், கடைசியில் மணல்தரையில் அமர்ந்த கூலியாளுக்கும் ஒரே கணத்தில் ‘இது இந்திர சபை’ என்று தெரிந்தாக வேண்டும். நுணுக்கம் என்பது அங்கே இரண்டாவது குணம், தெளிவுதான் முதற்குணம்.

இந்தக் கலையில் கொண்டையராஜு பல ஆண்டுகள் ஊறினார். கலைப்பள்ளி அவருக்கு உடலின் இலக்கணத்தைக் கற்பித்தது என்றால், நாடக மேடை ஜனங்களுடைய கண்ணின் இலக்கணத்தைக் கற்பித்தது என்று சொல்லலாம். திரை மேலே சுருண்டதும் நடுவில் சிம்மாசனம், இருபுறமும் சமச்சீராகத் தூண்கள், பின்னே நீண்டு செல்லும் மலைத்தொடர், மேலே மேகங்களுக்கு நடுவிலிருந்து பூமாரி பொழியும் தேவர்கள், எதிரே நின்று ஜனங்களை நேருக்கு நேர் நோக்கும் தெய்வ வேடதாரி: இந்தக் காட்சியை மனத்தில் இருத்திக்கொண்டு அவருடைய கஜலக்ஷ்மியையோ மீனாட்சி கல்யாணத்தையோ பார்ப்பவர்களுக்கு, நாடகத்தின் சிறப்பு மிக்க கட்டம் ஒன்று காகிதத்தில் அசையாமல் நிலைத்துவிட்டது போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

கோவில்பட்டியில் தங்கியது

1942-ஆம் ஆண்டளவில் அவர் இருந்த கம்பெனி கோவில்பட்டியில் கலைந்து போயிற்று. அது யுத்த காலம். அவ்வாண்டு மார்ச்சு 23-ஆம் தேதி ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கி அந்தமானைக் கைப்பற்றினர். அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாக உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். மண்ணெண்ணெய் முதலாக எல்லாப் பொருள்களுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்ட அந்நாளில், பெருங் குழுவாக ஊர் விட்டு ஊர் செல்லும் நாடகத் தொழில் நலிவுற்றது. ஏற்கெனவே பேசும் படம் வந்து அதன் கூட்டத்தில் பாதியைக் கவர்ந்துகொண்டுமிருந்தது. ஏறக்குறைய 44 வயதில், மனைவி மக்கள் இன்றி, சொந்த ஊருக்குத் திரும்பும் எண்ணமும் இன்றி, கொண்டையராஜு இறங்கிய ஊரிலேயே தங்கிவிட்டார்.

கோவில்பட்டியை ஓவியர்கள் நாடிச் செல்லும் ஊர் என்று அதுவரை எவரும் சொன்னதில்லை. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ரயில் பாதையில் அமைந்த கரிசல் பூமி அது. பருத்தியும் பஞ்சாலையும் தீப்பெட்டித் தொழிலும் அவ்வூரின் ஜீவனோபாயங்கள். செண்பகவல்லியம்மன் கோவில் ஊருக்கு நடுவே. பாரதியார் பிறந்த எட்டயபுரம் ஒரு பக்கம். முருகன் எழுந்தருளிய கழுகுமலை மற்றொரு பக்கம். அங்கே கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் ‘தேவி ஆர்ட் ஸ்டூடியோ’ என்ற பெயரில் ஒரு புகைப்பட நிலையம் நடத்தினர். புகைப்படம் வர்ணமற்றதாயிருந்த அக்காலத்தில், ஸ்டூடியோ என்பது பாதி காமிராவினுடையது, பாதி ஓவியனுடையது. வாடிக்கையாளர் நிற்பதற்குப் பின்னணியாகப் பூங்காவும் மாடிப்படியும் எழுதிய படுதா வேண்டும். நெகட்டிவில் அம்மைத் தழும்பையும் முகச் சுருக்கத்தையும் பென்சிலால் சரிசெய்ய வேண்டும். அச்சான படத்தில் புடைவைக்கும் நகைக்கும் கன்னத்துக்கும் கையால் வர்ணம் ஏற்ற வேண்டும். காலஞ்சென்றவரின் மங்கிய சிறு படத்தைப் பார்த்துப் பெரிய உருவப்படம் எழுதித் தர வேண்டும். இவற்றோடு கடைப் பலகை எழுதுதல், சினிமாக் கொட்டகைக்கு விளம்பரம் எழுதுதல் முதலிய தொழில்களும் அக்காலத்துச் சிற்றூர் ஓவியர்களுக்கு உரியனவாக இருந்தன.

முகத்தை உள்ளபடி காட்டிக்கொண்டே அழகுபடுத்திக் காட்டும் இந்த ஸ்டூடியோ வித்தை, பிற்காலத்தில் அவர் எழுதிய தெய்வங்களின் முகங்களில் நன்றாகப் பதிந்தது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு, தழும்பில்லாத வழவழப்பான சருமம், விளக்கொளியில் நனைந்தது போன்ற நெற்றி, பார்ப்பவரை விட்டு விலகாத விழிகள் ஆகியவை புகைப்படத்துக்கு வர்ணம் ஏற்றிய கையின் பழக்கத்தைக் காட்டுகின்றன. நாடகப் படுதாவும் புகைப்படமும் ஒரே ஓவியரின் அனுபவத்தில் சேர்ந்ததனால்தான், அரங்கத்தின் ஆடம்பரத்தோடு அண்டை வீட்டாரின் முகத்தைப் போன்ற நெருக்கமும் அப்படங்களில் கூடி வந்தது.

சிவகாசி தந்த வாய்ப்பு

இந்தத் தருணத்தில், அண்மையிலிருந்த சிவகாசியில் வேறொரு சரித்திரம் முதிர்ந்து கொண்டிருந்தது. அவ்வூரைச் சேர்ந்த ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்து, 1923-ஐ ஒட்டித் தம் ஊரில் தொழிற்சாலை தொடங்கினர். மழை குறைந்த வறண்ட பூமி தீக்குச்சி உலர்வதற்கு அனுகூலமாயிருந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதை வெளியூரில் அச்சிட்டுத் தருவிப்பதற்குப் பதில் ஏன் இங்கேயே அச்சிடக் கூடாது என்ற யோசனையிலிருந்து அச்சகங்கள் தோன்றின. தீப்பெட்டிச் சீட்டும் பட்டாசுச் சீட்டும் அச்சிட்ட இயந்திரங்கள், அத்தொழில் மந்தமாகும் மாதங்களில் சும்மா நிற்காமல் இருக்க, காலண்டர் அச்சிடத் தொடங்கின. அந்தத் துணைத்தொழிலே நாளடைவில் பெருந்தொழிலாகி, சிவகாசியின் பெயர் இந்தியாவின் எல்லாப் பாஷைகளிலும் காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் இடம்பெறலாயிற்று.

அச்சகங்களுக்கு நல்ல படங்கள் தேவைப்பட்டன. அண்டையூரில் தேர்ந்த கை ஒன்று இருந்தது. சுதந்திரம் வந்ததை அடுத்த ஆண்டுகளில் கொண்டையராஜுவும் சீடர்களும் காலண்டருக்குப் படம் எழுதுவதையே முக்கியத் தொழிலாகக் கொண்டனர். மீனாட்சி கல்யாணம், கீதோபதேசம், ராம பட்டாபிஷேகம், கஜலக்ஷ்மி, சரஸ்வதி, வள்ளி தெய்வானை சமேதராகிய முருகன் முதலாக, தமிழ் வீட்டுப் பூஜை அறைகளில் நிலைபெற்றுவிட்ட வடிவங்கள் பலவும் அந்தச் சித்திரசாலையிலிருந்து புறப்பட்டவை.

ஒரு படம் எழுதப்பட்டுக் காலண்டராக வீடு வந்து சேரும் வழியைச் சிறிது விவரித்தல் நலம். அச்சு முறைகளுள் அன்று சிறந்து விளங்கியது லித்தோ என்னும் கல்லச்சு. அதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் வாழ்ந்த அலாய்ஸ் ஸெனபெல்டர் என்பவர்; அவர் ஒரு நாடகாசிரியர்; தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடியபோது 1796-ஐ ஒட்டி இம்முறை அவருக்குக் கிட்டியது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதி, கல்லை நீரால் நனைத்து, பிறகு அச்சு மையை உருட்டினால், எழுதிய இடம் மையை ஏற்கும். ஈரமான இடம் விலக்கும். வர்ணப்படத்துக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். மூல ஓவியத்தைப் பார்த்து, இந்தச் சருமத்தில் மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்தறிந்து, அச்சகத்துச் சித்திரக்காரர்கள் புள்ளி புள்ளியாகக் கற்களில் எழுதுவார்கள். ஒரு காகிதம் பலமுறை இயந்திரத்தினூடே சென்று, எல்லா நிறங்களும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் அம்மனின் உதடு உதட்டில் இருக்கும். பிசகினால் கன்னத்துக்குப் போய்விடும். பின்னர்க் கல்லின் இடத்தில் உலோகத் தகடும், கையின் இடத்தில் காமிராவும் வந்து, ஆப்செட் முறை பரவிற்று.

அச்சின் இந்த இயல்பு ஓவியரையும் கட்டுப்படுத்தியது. மெல்லிய மங்கல் நிறங்கள் மலிவுக் காகிதத்தில் சேறாகிவிடும். ஆகவே நிறங்கள் பளிச்சென்று பிரிந்திருக்க வேண்டும். கீழே வியாபாரியின் பெயருக்கும் தேதிக் கட்டுக்கும் இடம் விட வேண்டும். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் எந்த ஸ்வாமி என்று தெரிய வேண்டும். ஆயுதங்களிலோ வாகனத்திலோ மலர்களிலோ சாஸ்திரப் பிசகு இருந்தால் படம் விலையாகாது. நாடக மேடை கற்பித்த பாடங்கள் யாவும் இங்கே வரி மாறாமல் பயன்பட்டன. வியாபாரத்தின் நிபந்தனைகளே அக்கலையின் இலக்கணமாக அமைந்தன.

ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்கள் வெளியாகும். ஏஜெண்டுகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வார்கள். ஜவுளிக்கடைக்காரரும் அரிசி வியாபாரியும் பக்கம் பக்கமாகப் புரட்டித் தமக்குப் பிடித்த தெய்வத்தைத் தேர்ந்தெடுத்து, இத்தனை பிரதி என்று சொல்லி முன்பணம் கொடுப்பார்கள். போர்ட் பிளேரின் கடைவீதியாகிய அபர்டீன் பஜாரின் கடைக்காரர் வேண்டும் காலண்டர், சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கடற்பயணம் செய்து இத்தீவை அடைந்து, பொங்கலுக்கு முன் வாடிக்கையாளரின் கையில் சேர்கிறது. விளம்பரத்தின் தர்க்கம் மிக எளியது: வேறு எந்த விளம்பரக் காகிதத்தையும் ஜனங்கள் கசக்கி எறிந்துவிடுவார்கள், தெய்வத்தின் படத்தை எறியமாட்டார்கள். நாள்தோறும் ராகு காலமும் நல்ல நேரமும் பார்க்கிற சாக்கில் கடையின் பெயர் ஆண்டு முழுவதும் கண்ணில் படும். ஆண்டு முடிந்ததும் தேதிக் கட்டை நீக்கி, வியாபாரியின் பெயரைக் கத்தரித்து, படத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவார்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிப் பெய்து எந்தக் காகிதமும் நனைந்து போகிற இந்தத் தீவில், கண்ணாடி போட்டுக் காப்பாற்றுவது இன்னும் அவசியமாயிற்று. இவ்வாறு விளம்பரமாகப் பிறந்த காகிதம், அதன் விளம்பரப் பகுதி அறுபட்ட பின் வழிபடு பொருளாக நீடூழி வாழ்கிறது. கலைஞன் வியாபாரிக்குச் செய்த வேலை ஓராண்டோடு முடிகிறது. ஜனங்களுக்குச் செய்த வேலை அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

மரபும் மாணாக்கரும்

இம்மரபுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. கிளிமானூர் ராஜா ரவிவர்மா (1848–1906) 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, அதுவரை அரண்மனைச் சுவர்களில் மாத்திரம் வசித்த எண்ணெய் ஓவியத் தெய்வங்களைச் சாதாரண ஜனங்களின் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். கொண்டையராஜு அவருக்குக் கடமைப்பட்டவர் என்பதில் ஐயமில்லை. எனினும் இருவருக்கும் வித்தியாசம் உண்டு. ரவிவர்மாவின் புராணப் பாத்திரங்கள் பலர் தம் கதைக்குள்ளே ஆழ்ந்திருப்பார்கள். துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை நம்மைக் கவனிப்பதில்லை. கொண்டையராஜுவின் தெய்வங்களோ தம் கதையை முடித்துவிட்டு நம்மை நோக்கி அமர்ந்திருக்கிறார்கள். கோவில் கருவறையின் முன் நிற்பவனுக்குக் கிடைக்கும் தரிசனம் போல, படத்தின் முன் நிற்பவனுக்கும் கண்ணோடு கண் நோக்கும் பாக்கியம் கிட்டுகிறது. தஞ்சாவூர்ப் படங்களின் நேர்முகத் தோற்றத்தையும் அணிகலன்களின் அடர்த்தியையும் அவர் விட்டுவிடவில்லை. மேனாட்டு முறையின் ஒளி நிழலையும் கைவிடவில்லை. தமிழ்க் கோவில்களில் உற்சவ மூர்த்திகளுக்குச் செய்யும் அலங்காரத்தை நன்கு பார்த்தவர் ஆதலால், மாலை விழும் மடிப்பும் கிரீடத்தின் கல்லும் புடைவைக் கரையும் பார்ப்பவர்க்குப் பரிச்சயமானவையாகவே அமைந்தன.

அவருடைய சித்திரசாலை ஒரு குருகுலமாக இயங்கியது. டி. எஸ். சுப்பையா, மீனாட்சிசுந்தரம், அருணாசலம், இராமலிங்கம், ஸ்ரீநிவாசன் முதலியோர் அவரிடம் பயின்று, தாமும் பெயர் பெற்ற காலண்டர் ஓவியர்களாயினர். படத்தின் மூலையில் குருவின் பெயரோடு சீடரின் பெயரும் சேர்ந்து நிற்பதை அக்காலப் பிரதிகளில் காணலாம். தனி மனித மேதையைப் போற்றும் நவீன உலகத்துக்கு இது புதிராகத் தோன்றலாம். ஒரு சித்திரத்தில் யார் முகம் எழுதினார், யார் நகை எழுதினார், யார் மயிலின் தோகைக்கு வர்ணமிட்டார் என்ற கணக்கு அங்கே பெரிதாகப் பாராட்டப்படவில்லை. சிற்பிகள் கூடிக் கோவில் கட்டிய தேசத்தில் இதுவே பழைய வழக்கம். குடும்பம் இல்லாத கொண்டையராஜுவுக்கு மாணாக்கரே குடும்பமாயினர். 1976-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் காலமானபோது, அவர் எழுதிய தெய்வங்களை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது என்று சொல்லத்தக்க நிலை இருந்தது. ஆனால் அவர் பெயரைச் சொல்லி இரங்கியவர்கள் தொழிலைச் சேர்ந்தவர்களும் அவ்வட்டாரத்தாருமே.

அவர் வாழ்ந்த காலத்தில்தான் சென்னையில் நவீன ஓவிய இயக்கம் தழைத்தது. அவர் பயின்ற அதே கலைப்பள்ளிக்குத் தலைமை வகித்த கே. சி. எஸ். பணிக்கர், 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார். அந்த இயக்கத்தாரின் கண்ணுக்குக் காலண்டர்ப் படம் வெறும் பஜார்ச் சரக்கு. இனிப்பு மிகுந்த, சிந்தனையற்ற அலங்காரம். அந்தக் குறையில் உண்மை அறவே இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. ஒரே முகம் பல தெய்வங்களுக்கு வைக்கப்பட்டது உண்டு. ஜனங்களுக்குப் பிடித்த அமைப்பு திரும்பத் திரும்ப எழுதப்பட்டதும் உண்டு. துன்பமோ முதுமையோ அப்படங்களில் நுழைவதில்லை. மங்களம் வேண்டி மாட்டப்படும் படத்தில் அவை நுழையக் கூடாது என்பதே விதி. ஒரு கலையை அது ஏற்றுக்கொண்ட கடமையை வைத்து மதிக்க வேண்டுமேயன்றி, அது ஏற்காத கடமையைச் செய்யவில்லை என்று பழிப்பதில் பயனில்லை.

இதனைக் கல்வியுலகம் சற்றுத் தாமதித்தே உணர்ந்தது. கானடா தேசத்து மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ், கொண்டையராஜுவைப் பற்றி ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1995-இல் ஒரு தொகுப்பு நூலில் வெளிவந்தது. கிறிஸ்டபர் பின்னியின் நூல் 2004-இலும், கஜ்ரி ஜெயினின் நூல் 2007-இலும் வெளிவந்து, பஜார்ப் படங்களைக் கலை வரலாற்றின் முற்றத்துக்கு அழைத்து வந்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இவற்றைப் பாடமாக வைத்த பின்னரே, நம் வீட்டுச் சுவரை நாம் மறுபடி நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினோம்.

இன்று கணிப்பொறியில் படம் அமைக்கிறார்கள். ஆயினும் அமைப்பவர்கள் எடுத்தாளும் தாமரையும் யானையும் பொற்காசு பொழியும் கரமும் பெரும்பாலும் பழைய சித்திரசாலைகளில் வகுக்கப்பட்டவை. நிறத்தை மாற்றி, பின்னணியை மாற்றி, கையொப்பத்தை அழித்து வெளியிடுகிறார்கள். அச்சகங்கள் படத்தை மொத்தமாக விலைக்கு வாங்கிவிடும் வழக்கம் இத்தொழிலில் நெடுங்காலம் இருந்தமையால், மூல ஓவியம் எங்கே போயிற்று என்று கேட்பாரற்றுப் போனதும் உண்டு. ரவிவர்மாவின் பெயரால் நடந்த அச்சகம் 1972-இல் தீக்கிரையாகி, பிரதிகள் பல அழிந்தன. அதிலிருந்து நாம் பாடம் கற்றிருக்க வேண்டும்.

கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் எஞ்சியுள்ள மூல ஓவியங்களையும் ஆல்பங்களையும் தேடிச் சேர்த்து, பெயரும் ஆண்டும் குறித்து, ஜனங்கள் பார்க்கத்தக்க ஒரு காட்சிசாலையில் வைப்பது அரசாங்கத்தாலும் அச்சுத் தொழிலதிபர்களாலும் எளிதில் ஆகக்கூடிய காரியம். அதற்கு முன்னதாக ஒவ்வொரு வீட்டாரும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பழைய ஸ்வாமி படத்துக்குப் புதுச் சட்டம் போடக் கொடுக்கும்போது, கடைக்காரர் அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டப் போவார். அந்த ஓரத்தில்தான் எழுதியவரின் பெயர் இருக்கும். வியாபாரியின் பெயரைக் கத்தரித்தது போல அதையும் கத்தரித்துவிடாமல், சட்டத்தைச் சிறிது பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.